ஆறாயிரம் கும்பிடும் ஒரு திட்டும்

பேருந்து நிலையத்தில் நீலக் குடைகள் நிறையவே இருந்தன. அவற்றைப் பிடித்திருந்த பெண்களும் இருந்தார்கள். தேடிப் போன அம்மா மட்டும் இல்லை. ‘உங்கள் அம்மாவை நீலக் குடையுடன் இங்கே பார்த்தேன்’ என்று எழுதிய ஆளும் இல்லை.

“அந்த ஆளு எங்கயுமே இல்ல சார்,” என்றாள் டிகிரி, கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே. “நேத்து யாரோட நாய்க்குட்டியோ காணாமப் போயிருக்கு. அதையும் இவன்தான் பார்த்திருக்கான். இதே பஸ் ஸ்டாண்ட். இதே நீலக் குடை.”

“நாய் குடை பிடிச்சுதா?”

“மழை பெஞ்சிருக்கும்.”

பதிலுக்கு அவர் ஒரு கொட்டாவி விட்டார். ஊரில் அவர் பெயரே கொட்டாவிதான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைப் பிடிக்கும் வேலையில் பாதி வாழ்க்கை போயிற்று. அத்தனை பொய்யையும் உட்கார்ந்து படித்ததில் வந்த வியாதி இது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். காதில் பொய் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

டிகிரி அவருடைய உதவியாளர். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். பட்டம் வாங்கினால் வாழ்க்கை மாறும் என்றார்கள். மாறித்தான் இருக்கிறது. இல்லாத ஆளைத் தேடி இருக்கிற வெயிலில் நிற்கிறாள்.

“அப்ப இதுவும் பாட்தான்,” என்றார் கொட்டாவி.

“பாட்தான். மனுஷப் பேரை வச்சுக்கிட்டு தானா எழுதித் தள்ளுற மெஷின். முந்தாநாள் நம்மளை ஆஸ்பத்திரிக்கு அலைய விட்டதும் இதே ஜாதிதான். அதுங்களுக்குக் கால் வலிக்காது சார். நமக்குத்தான்.”

அலுவலகம் என்பது ஒரு கைபேசி ரிப்பேர் கடையின் மாடி. அங்கே காணாமல் போன அம்மாவின் மகள் காத்திருந்தாள். வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் இணையத்தில் நடத்தும் பக்கத்தின் பெயர் ‘அம்மாவின் மகள்’. ஹோட்டல் சலவைக்கூடத்தில் துணி தேய்த்துத் தன்னைப் படிக்க வைத்த அம்மாவைப் பற்றித் தினம் ஒரு பதிவு. லட்சக்கணக்கில் வாசகர்கள். அவள் பிழைப்பே அதுதான். அந்த அம்மா போன வாரம் ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர், திரும்பவில்லை. கைபேசியை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார். பக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை அட்டையும் இருந்தது. மாத்திரை தவறினால் மயங்கி விழுகிறவர். ஒருமுறை சலவைக்கூடத்திலேயே விழுந்திருக்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தானாகக் கிளம்பிய வளர்ந்த பெண்ணைக் காணாமல் போனவர் கணக்கில் சேர்க்க முடியாது என்று காவல் நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

மகள் தன் பக்கத்தில் ‘அம்மாவைக் காணவில்லை’ என்று எழுதினாள். கீழே ஆறாயிரம் பேர் பதில் போட்டார்கள். அதில் முக்கால்வாசி கும்பிட்ட கைகள்.

“சார், எங்கயாவது விழுந்து கிடந்தா?” என்றாள் மகள். “மாத்திரை போட்டு எத்தனை நாளாச்சுன்னு நினைச்சா எனக்குக் கை கால் ஓட மாட்டேங்குது.”

கொட்டாவி நாற்காலியில் சரிந்தார். “ஒண்ணு கேக்குறேன் பதில் சொல்லுங்கம்மா. உங்க அம்மாவுக்கு எதைக் கேட்டா கோபம் வரும்?”

“அம்மாவுக்குக் கோபமே வராது சார். பொறுமையோட சிகரம். தன் வயித்தைக் காயப்போட்டு என் வயித்தை நிரப்பின தெய்வம்.”

அவர் வாய் திறந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குப் பெரிய கொட்டாவி.

“அது பக்கத்துக்கு. எனக்குச் சொல்லுங்க. வீட்ல எதுக்குக் கத்துவாங்க?”

மகள் யோசித்தாள். மின்விசிறி கிறீச்சிட்டது. கீழே கடையில் யாரோ பேட்டரி விலைக்குப் பேரம் பேசினார்கள்.

“தெரியலை சார்,” என்றாள் கடைசியில்.

தினம் ஒரு பதிவு. வருடக்கணக்காக.

“ஏன் கேக்குறேன்னா, இந்த ஆறாயிரத்துல எவன் மனுஷன், எவன் மெஷின்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்க்க எனக்கு ஆயுசு பத்தாது. உங்க அம்மா எங்கயாவது இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தா, அவங்களே வாயைத் திறக்கணும். மனுஷனைப் பேச வைக்க ஒரே வழி, தப்பா ஒண்ணு சொல்றது. செத்தவனும் எழுந்து வந்து திருத்துவான். பாட் திருத்தாது. அதுக்கு எல்லாமே சரிதான்.”

“போனையே விட்டுட்டுப் போனவங்க எப்படி சார் பார்ப்பாங்க?”

“உலகத்துல போனுக்கா பஞ்சம்? எழுந்திரு டிகிரி. அந்தம்மாவுக்கு எதுக்குக் கோபம் வரும்னு தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க.”

ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. நீராவி, சோப்பு வாடை, சுற்றிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள். தேய்ப்பு மேசையில் ஒரு பெண் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் கூட்டாளி. வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“போட்டோ எடுக்குற ஆளுங்களா?”

“இல்லக்கா,” என்றாள் டிகிரி. “எங்களை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. மூஞ்சியைப் பாருங்க.”

கூட்டாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உக்காரு. பக்கம் பக்கம்னு சொல்லி நாலு பேர் வந்துட்டாங்க. பாவப்பட்ட அம்மா எங்க நின்னு தேய்ப்பாங்க, காட்டுங்கன்னு. அவ என்ன பாவப்பட்டவ? இந்தக் கூடத்துல அதிகமா சத்தம் போடுறவளே அவதான்.”

“எதுக்கு சத்தம் போடுவாங்க?” என்றார் கொட்டாவி.

“எதுக்குப் போட மாட்டான்னு கேளுங்க. மேனேஜர் திட்டினா சிரிப்பா. சம்பளம் லேட்டானா பொறுத்துப்பா. ஆனா அவ நாத்தனார் பேச்சை எடுத்துடக் கூடாது. இஸ்திரிப் பெட்டியை விட இவ சூடாயிடுவா.”

“புருஷனோட தங்கச்சியா?”

“அக்கா. அந்தப் பொண்ணுக்கு அத்தை. ஏதோ ஒருநாள் நடந்ததாம். என்னன்னு சொல்ல மாட்டா. ‘அவ பேரை எடுக்காதீங்க’ம்பா, அதோட சரி.” கூட்டாளி ஒரு உறையை உதறினார். “முன்னாடி எல்லாம் மதியம் சோறு சாப்பிடும்போது போனை வச்சு மக எழுதினதைப் படிக்கச் சொல்வா. அவளுக்குப் படிக்க வராது, போனே படிக்கும். நாங்க எல்லாரும் கேப்போம். கடைசியா ஒண்ணு படிச்சுது. ஹோட்டல்ல விருந்தாளிங்க தின்ன மிச்சத்தைப் பொறுக்கித் தின்னு மகளை வளர்த்தாளாம். எல்லாரும் இவளைத் திரும்பிப் பார்த்தோம். இவ பெட்டியை அணைச்சா. பையை எடுத்தா. போயிட்டா.”

“நிஜமாவே சாப்பிட்டாங்களா?” என்றாள் டிகிரி.

“டப்பாவுல ரெண்டு பேருக்குச் சோறு கொண்டு வருவா. ஒண்ணு எனக்கு.”

வெளியே வந்து வெளிச்சத்தில் கண் கூசியபடி இருவரும் நின்றார்கள். டிகிரி காலால் ஒரு கல்லை உதைத்தாள்.

“எங்கம்மாவும் நாலு வீட்ல பாத்திரம் தேய்க்குறாங்க சார். நான் இப்படி எழுதியிருந்தா என்னைத் தேய்ச்சுக் கவுத்து வச்சிருப்பாங்க.”

“அதனாலதான் உனக்கு லட்சம் வாசகர் இல்ல,” என்றார் அவர். “ஆனா பாரு. கோபத்துல போனாங்கங்கறது தெரிஞ்சுபோச்சு. ஒரு வாரமா எந்தத் தகவலும் இல்லாதது ஏன்னு தெரியலை. எவ்வளவு கோபம் இருந்தாலும், மக ஊரெல்லாம் தேடுறான்னு தெரிஞ்சா ‘இருக்கேன்டி’ன்னு ஒரு வார்த்தை சொல்லாமலா இருப்பாங்க? சொல்ல முடியாம ஏதோ இருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கலை.”

அத்தையைப் பற்றித் தப்பாக ஒன்றை எழுதும் யோசனை, அலுவலகத்தில் காத்திருந்த மகளுக்குப் பிடிக்கவில்லை. “அத்தையைப் பத்தியா? என் வாசகர்கள் என்ன நினைப்பாங்க?”

“கும்பிடுவாங்க,” என்றாள் டிகிரி. “எழுதுங்க. ‘என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது என் அத்தை. அம்மா அன்று வரவில்லை.’ அவ்வளவுதான்.”

மகள் தட்டெழுதினாள். அடுத்த நொடியே திரை ‘மேலும் உருக்கமாக்கட்டுமா?’ என்று கேட்டது. விரல் பழக்கத்தில் அங்கே போயிற்று. டிகிரி அந்த விரலைப் பிடித்து அப்பால் வைத்தாள்.

“வேண்டாங்க. அதுக்கு விட்டா உங்க அத்தையைச் சாகடிச்சிடும்.”

பதிவு போனது. மூச்சு விடும் நேரத்துக்குள் கும்பிட்ட கைகள் வரத் தொடங்கின. ‘தெய்வ அத்தை.’ ‘இப்படி ஓர் அத்தை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.’ ‘உங்கள் அம்மாவின் தியாகம் கண்ணீரை வரவழைத்தது.’

“அம்மா வரலைன்னு எழுதியிருக்கோம். இதுக்குக் கண்ணீர் எங்கருந்து வந்துச்சு?” என்றாள் டிகிரி. “ஒருத்தனாவது படிச்சானா பாருங்க சார். மெஷின் எழுதுது, மெஷின் அழுவுது. நடுவுல நாம கரண்டு பில் கட்டிட்டு உக்காந்திருக்கோம்.”

கைகள் வந்துகொண்டே இருந்தன. கொட்டாவி கண்ணை மூடிக்கொண்டார். மகள் மாத்திரை அட்டையைக் கைப்பையிலிருந்து எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள். டிகிரி கடனே என்று ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“சார்.”

அவள் குரலில் இருந்த மாற்றத்தில் அவர் கண் திறந்தார். அவள் முதலில் திரையைப் படம் பிடித்தாள், பிறகுதான் காட்டினாள். முகப்படம் இல்லாத கணக்கு. பெயருக்குப் பதில் நீளமாக ஓர் எண். பார்த்தால் பாட்டின் சித்தி மகள் போல இருந்தது. எழுதியிருந்ததில் முற்றுப்புள்ளி என்பதே கிடையாது:

‘எந்த அத்தை சேர்த்தா நான் போய் கதவைத் தட்டினப்ப உள்ள டிவி சத்தத்தைக் குறைச்சா அவ்வளவுதான் கதவு திறக்கல கிளட்ச்சை மெதுவா விடுங்க அவசரம் வேண்டாம் உன்னைக் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போனது நான் ஷூ வாங்கினது நான் ரயில் கேட் போட்டாச்சு வண்டியை நிறுத்துங்க இனிமே அவ பேரை எழுதினா பாரு’

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “டி.வி. சத்தம்... அது எனக்கே தெரியாதே. அம்மாதான். அம்மா உயிரோட இருக்காங்க.”

“பதில் எழுதுங்க, சீக்கிரம்,” என்றார் கொட்டாவி.

டிகிரி திரையைத் தொட்டாள். பதிவு இருந்தது. கும்பிட்ட கைகள் இருந்தன. அந்தத் திட்டு மட்டும் இல்லை. மேலும் கீழும் தேடினாள். துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டிருந்தது.

“யாரோ அழிச்சுட்டாங்க,” என்றாள் மகள். “சார், யாரோ பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. அம்மா எழுதினதும் போனைப் பிடுங்கி அழிச்சிருக்காங்க. அடைச்சு வச்சிருக்காங்க சார்.”

முதல் தடவையாக அன்று டிகிரியிடம் நக்கல் இல்லை. கொட்டாவியைப் பார்த்தாள். அவர் படம் பிடித்ததைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்க அம்மாவுக்கு எழுத வராது. அப்ப இதை வாயால சொல்லி, போனை எழுத வச்சிருக்காங்க. போனுக்கு யார் பேசுறான்னு தெரியாது. பக்கத்துல இருந்தவர் பேசினதையும் சேர்த்து எழுதிடுச்சு. கிளட்ச், வண்டியை நிறுத்து. இது அடைச்சு வச்சவன் பேசுற பேச்சு இல்லம்மா. உங்க அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?”

“சைக்கிளே தெரியாது சார்.”

“இப்ப கத்துக்குறாங்க. டிகிரி, ரயில் கேட் பக்கத்துல டிரைவிங் ஸ்கூல் இருக்கா?”

“லெவல் கிராசிங் மேட்டுல ஒண்ணு இருக்கு. ஏத்தத்துல நிறுத்தி எடுக்கக் கத்துக்கொடுக்க அங்கதான் கொண்டு போவாங்க. நான் பின்னால உருண்டு போய் ஒரு வேனை இடிச்சதுக்கு அப்புறம், என்னை மட்டும் சமதரையிலயே ஓட்டச் சொல்லிட்டாங்க.”

“அப்ப யார் அழிச்சாங்க?” என்றாள் மகள்.

“அதை அங்க போய்க் கேப்போம்,” என்றார். ஆனால் படியிறங்கும்போது, ஆளுக்கு முன்னால் அவர் கால்கள் ஓடின.

மேட்டில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றிருந்தது. கூரைமேல் ‘பழகுநர்’ பலகை. ரயில் போய் முடிந்து, கேட்டும் திறந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஓர் அம்மா, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். பக்கத்தில் பயிற்சியாளர், தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்தபடி. அம்மாவின் மடியில் ஒரு மலிவான புதுக் கைபேசி. அடைத்து வைத்த ஆள் என்று பார்த்தால், அந்தப் பயிற்சியாளருக்குத்தான் தப்பி ஓட வேண்டும் போலிருந்தது.

“அம்மா.”

மகள் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். அம்மா திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை. அலுப்பு இருந்தது.

“ஒருவழியா வந்துட்டியா?”

“எங்கம்மா போன? மாத்திரையைக் கூட எடுக்காம. விழுந்து கிடக்கியோன்னு நான் செத்துட்டேன். எங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“மாத்திரை கடையில விக்குது, வாங்கிக்கிட்டேன்.” அம்மா மகளை உற்றுப் பார்த்தார். “என்னடி நடிக்குற? போன அன்னிக்கே சொன்னேனே. நீயும் பதில் போட்டியே.”

அம்மா தன் கைபேசியை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடி, ஜன்னல் வழியாக நீட்டினார். டிகிரிதான் வாங்கிப் படித்தாள். சத்தமாகத் தொடங்கியவள், போகப் போகக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

வீட்டை விட்டுப் போன அன்று, மகளின் பதிவுக்குக் கீழே: ‘நான் ரயில் கேட் டிரைவிங் ஸ்கூல் மாடியில இருக்கேன் கூட்டிப் பெருக்குற வேலை ரூம் கொடுத்திருக்காங்க உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல பழைய போன்ல இருக்கு இங்க வந்து பேசு’

அதற்குப் பக்கத்தின் பதில்: ‘உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி சகோதரி. தொடர்ந்து இணைந்திருங்கள்.’

‘சகோதரி இல்லடி அம்மா’

‘உங்களைப் போன்ற அம்மாக்களே எங்கள் பலம்.’ கூடவே ஓர் இதயம்.

“நான் பெத்த பொண்ணு என்னை சகோதரின்னா,” என்றார் அம்மா. “சரி, கோபத்துல இருக்கா, ஆறட்டும்னு விட்டேன். மறுநாள் பார்த்தா என்னைக் காணோம்னு எழுதியிருக்க. எங்க இருக்கேன்னு உன்கிட்ட சொல்லியாச்சு. தெரிஞ்சுகிட்டே காணோம்னு எழுதுறா, கும்பிடு வாங்குறதுக்கு என்னைத் தொலைச்சுட்டான்னு நினைச்சேன். அதுக்கும் கீழ எழுதினேன். நான் காணாமப் போகலைன்னு. தினமும் எழுதினேன். எழுத எழுத மறைஞ்சு போச்சு. நீ அழிக்குறன்னு நினைச்சேன்.”

“நான் அழிக்கலைமா. எனக்கு வந்ததே தெரியாது.”

“உங்க போனைக் கொடுங்க,” என்றார் கொட்டாவி.

மகள் கொடுத்தாள். அவர் அதை டிகிரியிடம் தந்தார். அவள் பக்கத்தின் உள்ளே போய், அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். வாசகர்களுக்குப் பதில் போட ஒரு பாட் இருந்தது. மகள்தான் வைத்திருந்தாள். அதே பாட் குப்பைக் கருத்துகளைக் கூட்டித் தள்ளும் வேலையையும் பார்த்தது. கூட்டித் தள்ளியதெல்லாம் ஓரமாக ஓர் இடத்தில் குவிந்து கிடந்தது. டிகிரி அதைத் திறந்தாள். திறந்துவிட்டு, மகளிடம் காட்டினாள்.

‘நான் காணாமப் போகலை.’ ‘நான் காணாமப் போகலை.’ ‘நான் காணாமப் போகலை நல்லா இருக்கேன்.’ வரிசையாக. கடைசியில் அத்தையைத் திட்டியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பாட் காரணம் குறித்திருந்தது: ‘முகப்படம் இல்லை. ஒரே கணக்கிலிருந்து தொடர் கருத்துகள். மனிதர் அல்ல.’

நாய்க்குட்டிக்கு நீலக் குடை கொடுத்தவன் மனிதன். கும்பிட்ட ஆறாயிரமும் மனிதர்கள். பெற்றவள் மட்டும் அல்ல.

மகள் ஜன்னலைப் பிடித்தபடியே தரையில் குந்திவிட்டாள். “நான் படிக்கலைமா. அவ்வளவு வருது, என்னால பார்க்க முடியாதுன்னு அதை வச்சேன். சத்தியமா நான் பார்க்கலை.”

“அதை விடு. மெஷின் பண்ணது மெஷினோட போகட்டும்,” என்றார் அம்மா. “மிச்சத்தைத் தின்னு வளர்த்தேன்னு எழுதினது யாரு?”

“அது... நான் ரெண்டு வரி சொல்வேன்மா. மீதியை அதுவே எழுதிக் கொடுக்கும்.”

“நீ சொன்ன ரெண்டு வரியில மிச்சச் சோறு இருந்துச்சா?”

“இல்ல. அம்மா ஹோட்டல்ல வேலை பார்த்தாங்கன்னு மட்டும்தான்.”

“போடுறதுக்கு முன்னாடி படிச்சிருப்பியே. படிச்சும் எப்படிப் போட்ட?”

“படிக்கலைமா.”

அம்மா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எழுதுறதும் நீ இல்ல. படிக்குறதும் நீ இல்ல. பதில் சொல்றதும் நீ இல்ல. அப்ப அங்க நீ என்னதான்டி பண்ற?”

கொட்டாவி பக்கத்திலிருந்த மைல்கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவர் வேலை முடிந்துவிட்டது. இதற்கு மேல் இருப்பதைத் துப்பறிந்து கண்டுபிடிக்க முடியாது.

“வீட்டுக்கு வாம்மா,” என்றாள் மகள்.

“எதுக்கு? பாவப்பட்ட அம்மாவா உக்கார்றதுக்கா? கூடத்துல எல்லாரும் என்னை எப்படிப் பார்த்தாங்க தெரியுமா? எனக்கு லைசென்ஸ் கிடைச்சா ஸ்கூல் வேன் ஓட்டப் போறேன். மாஸ்டர் இடம் பார்த்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார்.”

“முதல்ல ரெண்டாவது கியர் விழட்டும்,” என்றார் பயிற்சியாளர், யாரையும் பார்க்காமல்.

“எழுதினது பொய்னு எழுது,” என்றார் அம்மா. “இப்ப. இங்க. உன் கையால. அப்புறம் பேசலாம்.”

“எழுதினா பக்கம் போயிடும்மா.”

“அப்ப பக்கத்தை வச்சுக்கோ.”

மகள் கைபேசியைத் திரும்ப வாங்கினாள். பதில் போடும் பாட்டை அணைத்தாள். அணைப்பது சுலபமாக இருந்தது. எழுதுவதுதான் வரவில்லை. ஒரு சொல் அடித்தால் அடுத்த சொல்லைத் திரை முந்திக்கொண்டு நீட்டியது: தியாகம், கண்ணீர், தெய்வம். ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, தள்ளிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைபோல் அடித்தாள். அடித்ததை அழித்தாள். மறுபடி அடித்தாள். கேட் இன்னொரு முறை மூடித் திறந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். டிகிரி தன் கைபேசியில் பார்த்தாள். முதல் பதில் வந்துவிட்டது. ‘தாயின் தியாகத்துக்குத் தலைவணங்குகிறோம்.’ கும்பிட்ட கைகள். அடுத்து இன்னொன்று. அடுத்து பத்து.

“என்ன சொல்றாங்க? திட்டுறாங்களா?” என்றார் அம்மா.

“கும்பிடுறாங்க,” என்றாள் மகள்.

“பொய்னு எழுதினதுக்கா?”

“யாரும் படிக்கலைமா.”

அம்மா கண்ணாடி வழியே மேட்டைப் பார்த்தார். “சரி. நீ படி. எனக்குப் படிச்சுக் காட்டு. போனைப் படிக்கச் சொல்லாத. நீ படி.”

மகள் எழுந்து நின்று படித்தாள். “என் அம்மா யாருடைய மிச்சத்தையும் சாப்பிட்டதில்லை. நான் அப்படிப் போட்டது பொய். அதை நான் எழுதவில்லை, படிக்கவும் இல்லை, ஆனால் என் பெயரில் போட்டேன். என் அம்மா தேய்ப்பு வேலை செய்து சம்பளம் வாங்கினார். அந்தச் சம்பளத்தில் நாங்கள் சாப்பிட்டோம். அவரைப் பற்றி எனக்கு அதற்கு மேல் அதிகம் தெரியவில்லை. இனிமேல் அவரிடமே கேட்கிறேன். அவர் சொல்ல வேண்டாம் என்றால் எழுதமாட்டேன்.”

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அழுகையா தூசியா என்று அவரிடம் கேட்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

“ராத்திரி சாப்பாட்டுக்கு வர்றேன்,” என்றார். “நீ சமைச்சு வை. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்வேன். இப்ப அதை இன்னொரு தடவை படி. மெதுவா.”

மகள் மறுபடி படித்தாள். ‘பொய்’ என்ற இடம் வந்ததும் குரல் நின்றது. அம்மா அவசரப்படுத்தவில்லை. பின்னால் வந்து நின்ற ஒரு வேன் ஹாரன் அடித்தது. பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், கையை மட்டும் வெளியே நீட்டி, சுற்றிக்கொண்டு போகச் சொன்னார்.